பாட்டுப் பெட்டிக்குள் பல கட்சிகள்!

மோட்டாருக்காக வாதாடிய ஊரில், இப்போது மென்பொருளுக்காக வாதாடுகிறார்கள்

கொங்கு நாட்டில் நாலு பேர் கூடினால் பேசுவதற்கு ஒரு விஷயம் எப்போதும் உண்டு. எந்தக் கம்பெனி மோட்டார் நல்லது என்பதுதான் அது.

தோட்டத்துக்காரர் ஒருவர் டெக்ஸ்மோ என்பார். இன்னொருவர் சி.ஆர்.ஐ. என்பார். "எங்கப்பாரு காலத்திலிருந்து எங்க கிணத்துல இதுதானுங்க ஓடுது" என்று மூன்றாமவர் வேறொரு பெயரைச் சொல்வார். டீக்கடையில் தொடங்கும் இந்தப் பேச்சு சில சமயம் கோபத்தில் முடிவதும் உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்திகள்கூட மோட்டார் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இன்று அதே வீடுகளில் பிள்ளைகள் வேறு ஒரு சண்டை போடுகிறார்கள். சண்டைக்குக் காரணம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் அல்ல. கணினியில் பாட்டு அமைக்கும் மென்பொருள்.

"கியூபேஸ்தான் ராஜா" என்கிறான் ஒரு பையன். "லாஜிக்குக்கு ஈடு கிடையாது" என்கிறான் அவனுடைய சிநேகிதன். "எஃப்.எல். ஸ்டூடியோவில் பத்து நிமிஷத்தில் நான் முடித்துவிடுவேன், நீ பொழுது விடியும்வரை உட்கார்ந்திரு" என்கிறான் மூன்றாவது பையன். பெற்றோருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் பணம் கட்டுகிறவர்கள் அவர்கள். ஆகவே இந்தச் சண்டை எதைப் பற்றியது என்று அவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

தறியும் பாட்டும்

சோமனூர்ப் பக்கம் தறியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். தறியில் பாவு நூல்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன அல்லவா? அதுபோல, கணினியின் திரையில் வரிசை வரிசையாகக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு கோட்டில் பாடகர் குரல். இன்னொன்றில் தவில். மற்றொன்றில் புல்லாங்குழல். எந்த வரிசை எங்கே தொடங்க வேண்டும், எது உரக்கக் கேட்க வேண்டும், எது அடங்கி ஒலிக்க வேண்டும் என்று தீர்மானித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாட்டாக நெய்து தருவதுதான் அந்த மென்பொருளின் வேலை.

கோவைக்குப் பாட்டுப் பதிவு புதிதல்ல. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோ இருந்தது. 1954-ம் ஆண்டில் வெளிவந்த 'மலைக்கள்ளன்' அவருடைய தயாரிப்புதான். எம்.எஸ். விஸ்வநாதன் பிற்காலத்தில் மெல்லிசை மன்னர் ஆவதற்கு முன், சிறு வேலைகள் செய்துகொண்டு தொழில் கற்றதும் கோவையில்தான். அந்தக் காலத்தில் ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஒரு கூடமும், கூடம் நிறைய வாத்தியக்காரர்களும் வேண்டும். ஒருவர் தப்பாக வாசித்தால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

1986-ம் ஆண்டில் 'புன்னகை மன்னன்' படம் வந்தது. அதன் இசைக்கு யமஹா கம்பெனியின் இசைக் கணினியை இளையராஜா பயன்படுத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1989-ம் ஆண்டில், ஜெர்மனி தேசத்து ஸ்டெய்ன்பர்க் கம்பெனி கியூபேஸ் என்ற மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டில் சென்னையில் ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டை ஒட்டியே ஒரு பதிவுக்கூடம் அமைத்தார். 1992-ம் ஆண்டில் 'ரோஜா' வந்தது. அதன்பின் நடந்ததை எல்லோரும் அறிவார்கள்.

இன்று கூடம் வேண்டாம். ஒரு மடிக்கணினி, ஒரு மைக், காதில் மாட்டும் ஒலிபெருக்கி இருந்தால் போதும். மாரியம்மன் நோன்பிக்குப் பாட்டு, வள்ளி கும்மிக் குழுவுக்குப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் வீட்டு அறையிலேயே தயாராகிவிடுகின்றன.

கட்சிகள் எத்தனை?

பெரிய கட்சிகள் ஐந்தாறு உண்டு. கியூபேஸ் மூத்த கட்சி. ஸ்டூடியோக்காரர்களின் கட்சி புரோ டூல்ஸ். 1991-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தது. ஆப்பிள் கம்பெனியின் கருவிகளில் மட்டும் ஓடுவது லாஜிக். மேடையில் நேரடியாக வாசிப்பவர்கள் விரும்புவது ஏபிள்டன் லைவ். பெல்ஜியம் என்ற சின்னஞ்சிறு நாட்டில் 1997-ம் ஆண்டில் 'புரூட்டி லூப்ஸ்' என்ற விளையாட்டுப் பெயரோடு வந்து, பின்னர் எஃப்.எல். ஸ்டூடியோ ஆனது இன்னொன்று. ரீப்பர் என்பது சிக்கனக்காரர்களின் கட்சி. சொந்த உபயோகத்துக்கு 60 டாலர்தான்.

ஒரு கட்சிக்காரர் மறு கட்சிக்காரரைப் பேசும் பேச்சு இருக்கிறதே, அது மோட்டார்ச் சண்டையைவிடக் கடுமை. எஃப்.எல். வைத்திருப்பவனைப் பார்த்து, "அது குழந்தைகள் விளையாடும் பொம்மை" என்பார்கள். லாஜிக் வைத்திருப்பவனைப் பார்த்து, "நீ வாங்கியது இசை அல்ல, ஆப்பிள் படம் போட்ட பெட்டி" என்பார்கள். புதிதாக ஒருவன் வந்து, "அண்ணா, எதில் தொடங்கட்டும்?" என்று கேட்டால் போதும். அவனுக்குப் பதில் கிடைக்காது. அவனை நடுவில் நிறுத்திவிட்டு அண்ணன்மார்கள் அடித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இப்படி வாதாடுகிறவர்களில் சிலர் அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர்களே அல்ல. பூட்டு உடைத்த திருட்டுப் பிரதியை வைத்திருப்பவர்கள். ஒரு பைசா கொடுக்காத கம்பெனிக்காக வக்கீல் வேலை பார்ப்பதை என்னவென்று சொல்வது?

ஒலியில் வித்தியாசம் உண்டா?

சண்டையில் அடிக்கடி வரும் வாதம் ஒன்று: "எங்கள் மென்பொருளில் பாட்டு இனிமையாகக் கேட்கும். உங்களுடையதில் வறட்டுச் சத்தம்."

இது உண்மையா? பெரும்பாலும் இல்லை. கணினிக்குள் ஒலி என்பது வெறும் எண்கள். குரலும் தவிலும் சேர்வது என்றால் எண்களைக் கூட்டுவது. மளிகைக் கணக்கை நீல நோட்டில் கூட்டினாலும் சிவப்பு நோட்டில் கூட்டினாலும் தொகை ஒன்றுதானே?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே குரலையும் ஒரே வாத்தியங்களையும் இரண்டு மென்பொருள்களில் ஒரே அளவில் வைத்து, இரண்டு பாட்டுகளை எடுக்க வேண்டும். பிறகு ஒன்றைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்ட வேண்டும். ஐந்தில் ஐந்தைக் கழித்தால் பூஜ்யம் வருவதுபோல, இரண்டும் ஒன்றாக இருந்தால் சத்தமே இல்லாமல் போய்விடும். அளவுகளைச் சரியாக வைத்துச் செய்தால் அப்படித்தான் போகிறது.

மென்பொருளோடு இலவசமாக வரும் வாத்திய ஒலிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வேலை செய்யும் முறையும் வேறுபடும். அது உண்மை. ஆனால் குரலை இனிமையாக்கும் மந்திரம் எந்தக் கம்பெனியிடமும் இல்லை.

பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?

முதல் காரணம் விரல்கள். ஒரு மென்பொருளில் மூன்று ஆண்டுகள் உழைத்தவனுக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வேறொன்றுக்கு மாறினால் அ, ஆ என்று மறுபடியும் தொடங்க வேண்டும். அவன் காப்பாற்ற நினைப்பது கம்பெனியை அல்ல. தன்னுடைய மூன்று ஆண்டுகளை.

இரண்டாவது, குரு. யாரிடம் கற்றுக்கொண்டானோ அவர் வைத்திருந்ததுதான் அவனுக்கு வேதம். சந்தேகம் வந்தால் ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டுக் கேட்க ஆள் வேண்டும். ரகுமான் லாஜிக் வைத்திருக்கிறார் என்ற செய்தி ஒன்றே எத்தனையோ வாலிபர்களை மாக் கணினிக் கடைக்கு இழுத்துச் சென்றிருக்கிறது. ரகுமானுக்கு முன்னால் எந்தக் கணினியை வைத்தாலும் பாட்டு வரும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பணமும் ஒரு காரணம். அதிகப் பணம் போட்டு வாங்கிய பொருளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

மோட்டாருக்கும் இவையெல்லாம் பொருந்தும். அப்பார் வாங்கிய மோட்டாரை நம் ஊர்க்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு, அந்த மோட்டாரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் பக்கத்து வீதியில் இருந்தார் என்பதும் ஒரு பெரிய காரணம்.

ஆனால் இந்த இடத்தில்தான் மோட்டாரும் மென்பொருளும் பிரிகின்றன.

லேத்துப் பட்டறை செய்ய முடியாத வேலை

ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ம் ஆண்டில் கோவையில் மின்சார மோட்டார் செய்தார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அதிலிருந்து வளர்ந்த ஊர் இது. கணபதியிலும் பீளமேட்டிலும் சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை. மோட்டார் செய்த கம்பெனி மூடிப்போனாலும் தோட்டத்துக்காரர் கவலைப்படுவதில்லை. காயில் எரிந்துபோனால் சுற்றித் தர ஆள் உண்டு. சாப்ட் தேய்ந்துபோனால் கடைந்து தர ஆள் உண்டு. கம்பெனி செத்தாலும் மோட்டார் சாகாது.

மென்பொருள் அப்படி அல்ல. அதன் சாவி கம்பெனியின் கையில் இருக்கிறது. கம்பெனி கைமாறினால், மூடினால், மனம் மாறினால், அதை எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்ய எந்தப் பட்டறையும் கிடையாது. நடந்த கதைகளைப் பார்த்தால் இது விளங்கும்.

லாஜிக் மென்பொருளை முதலில் செய்தது ஆப்பிள் அல்ல. எமாஜிக் என்ற ஜெர்மன் கம்பெனி. அது விண்டோஸ் கணினியிலும் ஓடியது, மாக் கணினியிலும் ஓடியது. 2002-ம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரோடு விண்டோஸ் லாஜிக்குக்கு மூடுவிழா நடந்துவிட்டது. அதுவரை விண்டோஸில் லாஜிக்கே கதி என்று இருந்தவர்கள் என்ன செய்வது? புதிதாக மாக் கணினி வாங்க வேண்டும். அல்லது வேறு கட்சிக்குப் போக வேண்டும். அவர்கள் செய்த தப்பு ஒன்றுமில்லை.

அடுத்த கதை இன்னும் பரிதாபம். அமெரிக்காவில் கேக்வாக் என்ற கம்பெனி 1987-ம் ஆண்டு முதல் இருந்தது. அதன் சோனார் என்ற மென்பொருளுக்கு உலகம் முழுவதும் அபிமானிகள். 2013-ம் ஆண்டில் கித்தார் செய்யும் கிப்சன் கம்பெனி அதை வாங்கியது. 2016-ம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வந்தது. "இப்போது பணம் கட்டுங்கள். ஆயுள் முழுவதும் புதிய திருத்தங்கள் இலவசம்!" நம்பிப் பணம் கட்டினார்கள். 2017-ம் ஆண்டு நவம்பரில் கேக்வாக்கை நிறுத்துவதாகக் கிப்சன் அறிவித்துவிட்டது.

ஆயுள் முழுவதும் என்றார்களே, யாருடைய ஆயுள்? வாங்கியவனுடையது என்று வாங்கியவன் நினைத்தான். அது கம்பெனியின் ஆயுள் என்பது பிறகு தெரிந்தது.

நல்ல வேளை, 2018-ம் ஆண்டு தொடக்கத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் கம்பெனி கேக்வாக்கை எடுத்துக்கொண்டு, அதே மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. புதிதாக வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஆயுள் சந்தா கட்டியவர்களுக்கு? சும்மா கிடைத்திருக்கக்கூடிய பொருளுக்குக் காசு கட்டியவர்கள் ஆனார்கள்.

எல்லாக் கம்பெனிகளையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயம் அல்ல. எஃப்.எல். ஸ்டூடியோ கம்பெனியும் ஆயுள் முழுவதும் இலவசத் திருத்தம் என்றுதான் சொன்னது. இத்தனை ஆண்டுகளாக அந்த வாக்கைக் காப்பாற்றியும் வருகிறது. அந்தக் கட்சிக்கு இவ்வளவு வாலிபர்கள் சேர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நான்கு நாள் கலவரம்

2023-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் நடந்ததைக் கோவைப் பையன்களும் மறந்திருக்க மாட்டார்கள். வேவ்ஸ் என்பது 1992-ம் ஆண்டில் இஸ்ரேலில் தொடங்கிய கம்பெனி. குரலைத் துலக்குவது, எதிரொலி சேர்ப்பது போன்ற வேலைகளுக்குத் துணை மென்பொருள்கள் செய்வது. சினிமா ஸ்டூடியோ முதல் வீட்டு அறை வரை அது இல்லாத இடமே இல்லை என்று சொல்லலாம்.

அந்தக் கம்பெனி திடீரென்று, "இனி எதையும் விலைக்கு விற்க மாட்டோம். மாதா மாதம் வாடகைதான்" என்று அறிவித்தது. ஏற்கனவே வாங்கியவர்கள் வைத்திருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கணினி மாறி, புதிய பதிப்பு தேவைப்பட்டால் வாடகைக்குத்தான் வர வேண்டும்.

அவ்வளவுதான்! உலகம் முழுவதிலுமிருந்து கண்டனங்கள் குவிந்தன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உரக்கக் கோபப்பட்டவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல. பல ஆண்டுகளாக வேவ்ஸ், வேவ்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த சொந்தக் கட்சிக்காரர்கள். கியூபேஸ்காரனும் லாஜிக்காரனும் அன்றுதான் ஒரே பக்கம் நின்றார்கள். சில நாட்களுக்குள் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. விலைக்கு விற்பதை மறுபடியும் தொடங்குவதாகச் சொன்னது.

அபிமானிகள் கேள்வி கேட்டால் கம்பெனி இறங்கி வருகிறது. அபிமானிகள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் கம்பெனிக்கு அதைவிட வசதி வேறு கிடையாது. விளம்பரச் செலவே மிச்சம்.

வீட்டுக்கு வரும் சிக்கல்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளாகக் கோயில் பாட்டுகள் செய்து கொடுக்கிறார். ஒரு நாள் கோயில்காரர்கள் வந்து, "ஏழு வருஷத்துக்கு முன்னால் செய்த பாட்டில் தலைவர் பெயரை மட்டும் மாத்திக் குடுங்க" என்கிறார்கள். பழைய கணினி போய்விட்டது. புதிய கணினியில் பழைய மென்பொருள் ஓடவில்லை. 2019-ம் ஆண்டில் ஆப்பிளின் 'கேட்டலினா' வந்தபோது, 32 பிட் என்ற பழைய வகை மென்பொருள்கள் எல்லாம் மாக் கணினிகளில் ஓடாமல் போனது நினைவிருக்கலாம். பாட்டு கையில் இருக்கிறது. திறக்க முடியவில்லை. அறுவடை செய்து வைத்த தானியம், பூட்டிய குதிருக்குள் இருப்பதுபோல.

"ஏங்கண்ணு, போன வருஷந்தானே காசு கட்டினே?" என்று அப்பா கேட்கிறார்.

"அது வேறங்கப்பா. இது புதுப் பதிப்புங்க" என்கிறார் மகன்.

அப்பாவுக்கு இது புரியாததில் வியப்பு இல்லை. அவர் வாங்கிய மோட்டாருக்குப் புதுப் பதிப்பு கிடையாது.

இதற்கு ஒரு வழி உண்டு. விஷயம் தெரிந்த ஒலிப்பதிவாளர்கள் அதைத் தவறாமல் செய்கிறார்கள். பாட்டு முடிந்ததும், குரல் தனி, தவில் தனி, குழல் தனி என்று ஒவ்வொரு வரிசையையும் 'வேவ்' கோப்பாக வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். வேவ்ஸ் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது. 1991-ம் ஆண்டில் வந்த இந்தக் கோப்பு முறையை எல்லாக் கட்சிகளின் மென்பொருள்களும் இன்றும் திறக்கின்றன. பெரிய வேலையும் அல்ல. கால் மணி நேரமும் கொஞ்சம் இடமும் போதும். அபிமானத்தில் மிதப்பவர்கள்தான், "என் மென்பொருள் எங்கே போய்விடப் போகிறது?" என்று இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாத்தியத்தின் சுரங்களுக்கும் இப்படி ஒரு பொது முறை இருக்கிறது. அதற்கு மிடி என்று பெயர். அது பிறந்த கதை கோவைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

ஒரு காலத்தில் ஒரு கம்பெனியின் கீபோர்டு மற்றொரு கம்பெனியின் கீபோர்டோடு பேசாது. ஒரு கம்பெனி போல்ட்டில் இன்னொரு கம்பெனி நட்டு ஏறாது என்றால் பட்டறைத் தொழில் என்ன ஆகும்? அந்த நிலைதான். ஜப்பானின் ரோலண்டு கம்பெனியை நடத்திய காக்கேஹாஷியும், அமெரிக்காவின் சீக்வென்ஷியல் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித்தும் தொழிலில் போட்டியாளர்கள். ஆனாலும் பொதுவான மரை ஒன்று வேண்டும் என்று அவர்கள் முயன்றார்கள். வேறு சில கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. 1983-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சியில் இருவருடைய கீபோர்டுகளையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தார்கள். மற்றொன்று பாடியது.

சீக்வென்ஷியல் கம்பெனி ஐந்து ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1987-ம் ஆண்டில் நொடித்துப்போய் யமஹாவின் கைக்குப் போயிற்று. அந்த மிடி மட்டும் போகவில்லை. கியூபேஸிலும் இருக்கிறது, லாஜிக்கிலும் இருக்கிறது, எஃப்.எல். ஸ்டூடியோவிலும் இருக்கிறது. இன்று காந்திபுரத்தில் வாங்கும் கீபோர்டைப் பையன்கள் எந்தக் கட்சி மென்பொருளோடு இணைத்தாலும், அந்த முறையில்தான் பேசுகிறது.